கடைத்தெருவில் நின்றவர்கள்

(மத்தேயு சுவிசேஷம் 20-ம் அதிகாரம், முதல் 16 வசனங்களை வாசித்தபின், வீட்டில் எல்லோரும் கூடிப் படிக்கத் தக்கது.)



திராட்சைத் தோட்டத்துக் கூலியாட்களைப் பற்றி நமது ஆண்டவர் சொன்ன உவமை நீங்கள் பலமுறை கேட்டதே. தோட்டத்து எசமான் ஒருவன் விடியற்காலையில் கடைத்தெருவுக்குப் போய், நாளொன்றுக்கு ஒரு வெள்ளிக்காசு என்று பேசி ஆட்களை அமர்த்துகிறான். பிறகு காலை ஒன்பது மணிக்கும், நடுப்பகலிலும், மூன்று மணிக்கும் போகிறான். பொழுது சாய ஒரு மணி நேரமே இருக்கையில் மறுபடியும் போனால், இன்னும் சிலர் அங்கேயே நிற்கிறார்கள். நாளெல்லாம் சும்மா நிற்பானேன் என்று கேட்கிறான். தங்களை யாரும் கூலிக்குக் கூப்பிடவில்லை என்கிறார்கள் அவர்கள்.

பிரசங்கங்களில் சாதாரணமாய் இந்த இடத்தை விரைவில் கடந்து, கடைசியில் வந்தவனுக்கும் முழுக்கூலி கிடைத்ததையும், முதலில் வந்தவர்கள் முணுமுணுத்ததையும் விஸ்தரிப்பது வழக்கம். இன்று நாம் அந்த ஐந்து மணிக்காரரிடத்தில் சற்று நிற்போம். அவர்கள் வீட்டில் படுத்துக்கொண்டிருக்கவில்லை. வெயிலில், பலர் பார்க்க, காலை முதல் நின்றார்கள். ஏன் அவர்களை ஒருவரும் அழைக்கவில்லை என்று சுவிசேஷம் சொல்லவில்லை. ஆனால் கொத்தனாரும் சித்தாளும் விடியற்காலையில் வந்து நிற்கிற முச்சந்தியைப் பார்த்தவர்களுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை. முதலில் தோள் பலமுள்ள வாலிபன் போகிறான். அடுத்து மேஸ்திரிக்கு வேண்டியவன் போகிறான். வெயில் ஏறிய பின்னும் நிற்கிறவர் யார்? தலை நரைத்தவர், கை ஊனப்பட்டவர், கைக்குழந்தைக்காரி, சென்ற வாரம் கூலிப் பாக்கி கேட்டு மேஸ்திரியோடு சண்டை போட்டவர், பாஷை தெரியாதவர்.

ஏழ்மை வேறு, தள்ளிவைப்பு வேறு. இவ்விரண்டையும் பிரித்து அறிந்தால்தான் இந்தப் பாடம் விளங்கும். ஏழையாயிருப்பவனுக்குப் பண்டம் குறைவு. ஆயினும் அவனுக்கு ஊரில் ஓர் இடம் உண்டு. கதிரறுப்புக்கு ஆள் சொல்லிவிடுவார்கள், கலியாணத்துக்கு வெற்றிலை வைப்பார்கள், பொதுக்கூட்டத்தில் அவன் பேச்சுக்கும் ஒரு காது இருக்கும். தள்ளிவைக்கப்பட்டவனுக்கோ அந்த இடமே இல்லை. நம் பக்கத்துக் கிராமங்களில் ஒரு குடும்பத்தைத் தள்ளிவைப்பது என்றால் என்னவென்று பெரியவர்களுக்குத் தெரியும். தண்ணீர், நெருப்பு, நல்லது கெட்டது எல்லாவற்றிலும் விலக்கு. அதற்கு ஒரு பஞ்சாயத்துக் கூட வேண்டும், ஒரு குற்றம் சொல்ல வேண்டும், அபராதம் கட்டினால் திரும்பச் சேர்த்துக்கொள்ள வேண்டும். இக்காலத்துத் தள்ளிவைப்புக்குப் பஞ்சாயத்தும் இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. வேலை வேறொரு வழியாய்ப் போய்விடுகிறது. கூப்பிடுகிற குரல் ஒரு நாள் நின்றுபோகிறது. அபராதம் கட்டித் திரும்ப வரலாமென்றால், யாரிடம் கட்டுவது?

பிரான்சு தேசத்தில் 1974-ம் ஆண்டு ரெனே லெனுவார் என்ற அரசாங்க அதிகாரி, தம் நாட்டில் பத்துப் பேரில் ஒருவர் இப்படி விலக்கப்பட்டிருக்கிறார் என்று ஒரு புத்தகம் எழுதினார். அதற்குப் பின்னரே அறிஞர்கள் ‘சமூக விலக்கு’ என்ற பெயரை எங்கும் வழங்கத் தொடங்கினார்கள். அவருக்கு முன்பே, ஜோசப் ரெசின்ஸ்கி என்ற கத்தோலிக்கக் குருவானவர் இதைக் கண்டிருந்தார். மிக வறிய குடும்பத்தில் 1917-ல் பிறந்த அவர், 1956-ல் பாரீசுக்கு அருகே நுவாசி-லெ-கிரான் என்ற ஊரில், வீடற்ற 250-க்கு மேற்பட்ட குடும்பங்கள் சேற்றிலே கொட்டகைகளில் கிடந்த முகாமுக்குப் போய் அவர்களோடு தங்கினார். அங்கே தர்மவான்கள் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். சுவாமியார் அதற்குப் பதிலாக ஒரு நூல்நிலையமும், குழந்தைகள் பள்ளியும், சிற்றாலயமும் ஏற்படுத்தினார். கஞ்சிக்கு வரிசையில் நிற்பவன் வரிசையில்தான் நிற்பான், மனிதரோடு மனிதராய் உட்கார மாட்டான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. 1957-ல் அக்குடும்பங்களோடு சேர்ந்து அவர் தொடங்கிய இயக்கமே, அக்டோபர் 17-ந் தேதியை உலகமெங்கும் வறுமை ஒழிப்பு நாளாக அனுசரிப்பதற்குக் காரணமாயிற்று. ஐக்கிய நாட்டுச் சபை அதை 1992-ல் ஏற்றுக்கொண்டது.

பாரீசுக்குப் போவானேன், நம் சீமையின் சரித்திரமே போதும். முந்தின ராமநாதபுரம் ஜில்லாவின் வானம் பார்த்த பூமியில் கண்மாய் நிறைந்தால் வேலை, வறண்டால் பயணம். ஆங்கிலேயர் காலத்தில் கண்டிச் சீமையிலே காப்பித் தோட்டம் போட்டபோது, கங்காணிமார் இங்கே வந்து முன்பணம் கொடுத்து ஆள் திரட்டினார்கள். நம் முன்னோர் கடற்கரை வரைக்கும் நடந்து, கடல் கடந்து, மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்தார்கள். காய்ச்சலிலும் பேதியிலும் அவ்வழியில் விழுந்தவர் அநேகர். தோட்டத்தில் சேர்ந்தபின் கூலியாளின் கடன் ‘துண்டு’ என்ற சீட்டில் எழுதப்பட்டு, அவனோடு தோட்டம் தோட்டமாய்ப் போயிற்று. 1921-ல்தான் துண்டு முறை ஒழிந்தது. அதற்குள் காப்பி போய்த் தேயிலை வந்திருந்தது. தேயிலையால் அத்தீவு செழித்தது. ஆனால் 1948-ல் இலங்கை சுதந்திரம் பெற்ற அதே ஆண்டில் செய்த குடியுரிமைச் சட்டத்தால், அத்தேயிலையைக் கிள்ளிய லட்சக்கணக்கான தமிழர் ஒரு நாட்டுக்கும் உரியவரல்லாமற் போனார்கள். 1964-ல் சாஸ்திரியாரும் சிறிமாவோ அம்மையாரும் செய்த ஒப்பந்தத்தில், 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது, 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்வது என்று தலை எண்ணிப் பிரித்தார்கள். மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்று விட்டார்கள். பத்து வருஷம் கழித்து, 1974-ல், அவர்களையும் பாதி பாதியாகப் பிரித்தார்கள். கைகள் வேண்டுமென்று கூப்பிட்டு, மனிதர் வேண்டாமென்று அனுப்பின கதை இது.

இந்தக் கதையை ஏன் சொல்லுகிறேனென்றால், கங்காணி இன்னும் சாகவில்லை. பெயர் மாத்திரம் மாறியிருக்கிறது.

நரிக்குடி, திருச்சுழி வட்டாரத்தில் ஒரு தலைமுறைக்கு முன் வேலையின் கிரமம் எப்படியிருந்தது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். ஆவணி புரட்டாசியில் உழவு விதைப்பு. மழை பெய்தால் களையெடுப்பு. தை மாசியில் கதிரறுப்பு. பிறகு பருத்தி எடுப்பு, மிளகாய்ப் பழம் பறிப்பு, மல்லி பிடுங்குதல். கூலி சொற்பம், அதுவும் பல இடங்களில் தானியமாகவே அளக்கப்பட்டது. அந்தக் காலத்தைப் பொற்காலமென்று நான் சொல்ல வரவில்லை. அடிமைத்தனமும் சாதிக் கொடுமையும் அதில் நிறைய இருந்தன. ஆனால் அந்த வேலையில் கிழவிக்கும் ஒரு பங்கு இருந்தது. வாலிபன் கட்டுத் தூக்கினால் அவள் சிந்தின கதிரைப் பொறுக்குவாள், மிளகாயைக் காம்பு கிள்ளுவாள், களத்திலே குருவி விரட்டுவாள். எண்பது வயதிலும் அவள் ‘வேலைக்குப் போய் வந்த’வள். இப்போது கதிரறுக்கும் இயந்திரம் இரவோடு இரவாய் வந்து, சில மணி நேரத்தில் அறுத்து, மூட்டையும் போட்டு, விடிவதற்குள் அடுத்த ஊருக்குப் போய்விடுகிறது. இயந்திரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆள் கிடையாமல் தவித்த விவசாயிக்கு அது உதவியே. ஆனால் இயந்திரத்துக்குப் பின்னால் கதிர் பொறுக்க ஒன்றும் மிஞ்சுவதில்லை. போவாஸின் வயலில் ரூத் பொறுக்கினாளே, அந்த ரூத்துக்கு இன்று எந்த வயல்?

தரிசாய்ப் போன புஞ்சைகளிலும் கண்மாய்களிலும் சீமைக் கருவை படர்ந்தது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த அந்த முள்மரம் நம் பூமிக்குச் செய்த கெடுதலைப் பற்றி நீங்கள் அறிவீர்கள். ஆனால் மழை பொய்த்த வருஷங்களில் இவ்வட்டாரத்து ஏழைகளுக்குக் கஞ்சி வார்த்ததும் அதுவே. மரத்தை வெட்டி, தூரைக் கடப்பாரையால் தோண்டி, விறகைக் கூம்பாய் அடுக்கி, தழை போட்டு மண் பூசி, தீ வைத்து, இரவும் பகலும் புகை பார்த்துக் காத்திருந்து கரி எடுக்கிறார்கள். மூட்டம் எங்காவது வாய் திறந்தால் கரியெல்லாம் சாம்பல். ஆகையால் ஒரு குடும்பமே அங்கே குடிசை போட்டுத் தங்கும். மரம் முடிந்தால் அடுத்த காடு. பிள்ளையின் படிப்பும் அதோடு முடியும். 2017-ம் ஆண்டில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இம்மரங்களை அகற்ற வேண்டுமென்று உத்தரவிட்டது. அவ்வருஷமே அதற்குத் தடையும் வந்தது. அப்போது நிலத்தடி நீரைப் பற்றி ஊரெல்லாம் வாதம் நடந்தது. மூட்டத்துப் புகையில் கண் சிவந்த குடும்பங்கள் மரம் போனபின் என்ன செய்யும் என்று கேட்டவர்கள் மிகச் சிலரே. மரம் போகட்டும், நல்லது. மனிதரை யார் கணக்கில் எடுத்தார்கள்? ஒரு வாதத்தில் தன் பெயரே எழாமற் போவதும் தள்ளிவைப்புத்தான்.

இப்படியிருக்க, பிழைப்பு வெளியூருக்குப் போயிற்று. திருப்பூர்ப் பனியன் கம்பெனி, கோயம்புத்தூர், திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகள், செங்கற்சூளை, சென்னையில் கட்டட வேலை. போனவர்களில் முன்னுக்கு வந்தவர்கள் உண்டு. அவர்கள் கட்டின வீடுகளை நம் ஊர்களில் பார்க்கிறோம். சர்வேசுரனுக்குத் தோத்திரம். ஆனால் போகும் வாசலில் யார் நிற்கிறார், யார் நிறுத்தப்படுகிறார் என்று கவனியுங்கள். ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார்: “சாமி, நாப்பத்தஞ்சு வயசுக்கு மேலேன்னா உள்ளேயே விட மாட்டேங்கிறான். இங்கே வெட்ட மரம் இல்லே, அங்கே தைக்கக் கண்ணு இல்லே.” அவர் சோம்பேறி அல்லர். இருபத்தைந்து வருஷம் உழைத்த கை. அந்தக் கையின் வேலை போய்விட்டது, அவ்வளவே.

உள்ளே விடப்பட்டவர்களுக்கும் வேறொரு வகைத் தள்ளிவைப்புக் காத்திருக்கிறது. 1990-ம் ஆண்டுகளிலிருந்து நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்று ஒன்று நடந்ததே, நினைவிருக்கிறதா? ஏழைப் பெண்ணை மூன்று வருஷம் விடுதியில் வைத்து வேலை வாங்கி, முடிவில் கலியாணச் செலவுக்கென்று முப்பதாயிரமோ ஐம்பதாயிரமோ மொத்தமாய்க் கொடுப்பதாக ஏற்பாடு. வரதட்சணை கேட்பதும் கொடுப்பதும் 1961 முதல் சட்டப்படி குற்றம். அந்தக் குற்றத்தையே தூண்டிலில் புழுவாக வைத்தார்கள்! இடையில் நோய்கண்டு திரும்பிய பெண்ணுக்கு அந்த மொத்தத் தொகை கிடைக்காமற் போனதும் உண்டு. இப்போது விளம்பரத் தாள்களில் அப்பெயர் வருவதில்லை. ஆயினும் விடுதி, வாசற்காவல், வீட்டோடு பேச நேரக் கட்டுப்பாடு ஆகியவை எங்கே இருந்தாலும் அது அதுவேதான். பெண்ணைப் பெற்ற தாய்மாரே, ஏஜெண்டு தேன் போலப் பேசும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: சம்பளம் மாதாமாதம் யார் கணக்கில் விழும்? பண்டிகைக்கு வீட்டுக்கு அனுப்புவார்களா? நினைத்த நேரத்தில் அம்மாவோடு பேசலாமா? இதற்கு நேரான பதில் சொல்லாதவரிடம் மகளை ஒப்புவிக்காதீர்கள்.

வேலைக்கு அழைக்கப்படுவதெல்லாம் நன்மையென்று எண்ணிவிடவும் கூடாது. 1970, 80-ம் ஆண்டுகளில் சிவகாசி, சாத்தூர் பக்கத்துக் கிராமங்களுக்கு விடியுமுன்னே தீப்பெட்டிக் கம்பெனி வண்டி வந்து சிறுவர் சிறுமியரை ஏற்றிச் சென்றது. 1986-ல் சட்டம் வந்தது. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், அபாயத் தொழிலில் வைக்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நிதியில் கட்ட வேண்டுமென்று தீர்ப்பளித்தது. அந்தப் பிள்ளைகள் அப்போது தள்ளிவைக்கப்பட்டிருந்தது பள்ளிக்கூடத்திலிருந்து. ஜனங்களும், அரசாங்கமும், நல்ல மனசுள்ள உபாத்தியாயர்களும் சேர்ந்தபோது அந்த வண்டி நின்றது. ஆகையால் இதெல்லாம் உலகப்போக்கு, நம்மால் ஆவதொன்றுமில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம்.

நூறு நாள் வேலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2005-ல் சட்டமாகி, 2008-க்குள் தேசமெங்கும் வந்த அந்த ஏற்பாட்டைக் கேலி பேசுகிறவர்கள் உண்டு. மரத்தடியில் உட்கார்ந்து கூலி வாங்குகிறார்களென்று. அந்தப் பேச்சை நான் ஒப்புவதில்லை. தமிழ்நாட்டில் அவ்வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களிலும் வயது சென்றவர்கள் அநேகர். வேறெந்தக் கடைத்தெருவிலும் விலைபோகாத கைகளை அது அழைத்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி வைத்தது. பல விதவைகள் தங்கள் பேரில் பாங்கிக் கணக்கு வைத்ததே அதனால்தான். ஐந்து மணிக்காரரைத் தேடிப் போன எசமானின் சாயல் அதில் கொஞ்சம் இருந்தது. பின்பு 2023 முதல் கைபேசியில் படம் பிடித்து வருகைப் பதிவு என்றும், 2024 முதல் ஆதார் இணைப்பின் வழியே கூலி என்றும் கட்டாயமாயிற்று. சிக்னல் கிடைக்காத கண்மாய்க்கரையில் படம் ஏறாவிட்டால் நாள் கூலி கேள்விக்குறி. அட்டையில் ஓர் எழுத்துப் பிசகினால் கைரேகை தேய்ந்த மூதாட்டி எத்தனை அலுவலகம் ஏறுவாள்? 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் இச்சட்டத்துக்குப் பதிலாய் வேறொரு சட்டம் நிறைவேற்றியது. நாட்கள் 125 என்று கூடியிருக்கிறது. செலவில் நூற்றுக்கு நாற்பது மாநிலத்தின் தலையில் விழுகிறது. விதைப்பு அறுப்புக் காலத்தில் 60 நாள் வேலையை நிறுத்திவைக்கவும் அதில் இடம் உண்டு. மழை பொய்த்த வருஷத்தில் விதைப்புமில்லாமல் இந்த வேலையுமில்லாமல் இரண்டு மாசம் எப்படிக் கழியும் என்று நம்மைப் போன்ற புஞ்சைக்காட்டு ஜனங்கள் கேட்க வேண்டியது நியாயம். கிராம சபையில் கேளுங்கள். அது உங்கள் சபை.

இனித் திருச்சபையின் போதகம் என்னவென்று பார்ப்போம். 1891-ம் ஆண்டு மே மாதம் 15-ந் தேதி பாப்பரசர் 13-ம் சிங்கராயர் தொழிலாளரின் நிலைமையைப் பற்றி ஒரு நிருபம் விடுத்தார். கூலியை இரு தரப்பாரும் பேசி ஒத்துக்கொண்டார்கள் என்பதால் மாத்திரம் அது நியாயமாகிவிடாது. உழைப்பவன் கௌரவமாய் ஜீவிக்கப் போதுமானதாயிருக்க வேண்டுமென்று அதில் போதித்தார். பசியினால் தலையாட்டினவனுடைய சம்மதத்தை அவர் சம்மதமாக எண்ணவில்லை. முன்பணம் வாங்கிக் கைநாட்டு வைத்தவனை ‘அவனாய்த்தானே வந்தான்’ என்று சொல்லுகிறவர்கள் இதை யோசிக்கட்டும். 12-ம் பத்திநாதர் 1955-ல் மே முதல் நாளைத் தொழிலாளரான அர்ச். சூசையப்பரின் திருநாளாக்கினார். 2-ம் அருள் சின்னப்பர் 1981-ல் எழுதிய நிருபத்தில், வேலை மனிதனுக்காக இருக்கிறது, மனிதன் வேலைக்காக அல்ல என்ற கருத்தை விரித்துரைத்தார். பாப்பரசர் பிரான்சிஸ் 2013-ல் இன்னும் கடுமையாய்ப் பேசினார்: இன்றைய பொருளாதாரத்தில் விலக்கப்பட்டவர்கள் சமூகத்தின் அடித்தட்டில்கூட இல்லை, வெளியே எறியப்பட்ட மிச்சம் போல ஆகிவிட்டார்கள் என்பது அவருடைய துக்கம். 2025 மே மாதம் தெரிந்துகொள்ளப்பட்ட இப்போதைய பாப்பரசர், 14-ம் சிங்கராயர், அந்தப் பெயரை எடுத்ததற்குச் சொன்ன காரணமும் இதுவே. முன்னவர் நீராவி இயந்திர யுகத்துக்குப் பதில் சொன்னார். இப்போது சிந்திக்கும் இயந்திரங்கள் வந்து மனித உழைப்பை மறுபடியும் சோதிக்கின்றன என்றார். நரிக்குடிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? நம் பிள்ளைகள் படித்துப் போகிற கணக்கெழுத்து, தட்டெழுத்து, தொலைபேசியில் பதில் சொல்லுதல் முதலான வேலைகளைத்தான் அவை முதலில் தொடுகின்றன.

வேலைவாசலில் நிற்கும் வேறொரு தடையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1950-ம் ஆண்டின் ஜனாதிபதி ஆணைப்படி தாழ்த்தப்பட்டோர் பட்டியலில் இடம் இந்துக்களுக்கு மாத்திரம் என்று இருந்தது. 1956-ல் சீக்கியரும், 1990-ல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறீஸ்தவர் இன்னும் வெளியே. ஞானஸ்நானம் பெற்றதால் ஊரார் யாரும் அவர்களை வேறு தெருவில் குடிவைக்கவில்லை; ஆனால் அரசாங்க வேலைக்குரிய ஒதுக்கீடு மாத்திரம் போயிற்று. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் வகுப்பில் வைக்கப்பட்டிருக்கிறார்கள். 2023 ஏப்ரலில் நமது சட்டசபை இதை மாற்றக் கோரித் தீர்மானம் செய்தது. இதைக் கேட்பது நமது உரிமை. ஆனால் டில்லியைப் பார்த்து நியாயம் கேட்கிற நாம், நமது கல்லறைத் தோட்டத்தையும், தேர்ப் பவனி போகிற தெருவையும், சம்பந்தம் பேசுகிற திண்ணையையும் ஒருமுறை பார்ப்பது நல்லது. ஒரே பந்தியில் திவ்விய நற்கருணை வாங்கி, வேறு வேறு பந்தியில் சோறு தின்னுகிற கிறீஸ்தவம் அப்போஸ்தலருக்குத் தெரியாது.

இன்னும் கிட்டத்தில் ஒரு விஷயம். திருநாளுக்குத் தலைக்கட்டு வரி எழுதுகிறோம். எழுதுவது நல்லதே, எல்லோரும் கொடுத்துச் செய்வதுதான் ஊர்த் திருநாள். ஆனால் கரிமூட்டத்துக்கோ சூளைக்கோ குடும்பத்தோடு போய், இரண்டு வருஷம் வரி கட்டாத வீட்டின் பேர் நோட்டுப் புத்தகத்தில் அடிக்கப்பட்டால் என்ன ஆகிறது? மூன்றாம் வருஷம் அவர்கள் வருகிறார்கள். பாக்கியைக் கட்டினால்தான் மண்டகப்படி, கட்டினால்தான் கொடி என்கிறோம். மகளின் கலியாண ஓலைக்குக் கையெழுத்து வேண்டி வந்தவரை முதலில் பாக்கியைப் பற்றிக் கேட்கிறோம். உலகம் வேலைவாசலில் தள்ளினவர்களை நாம் கோவில் வாசலிலும் தள்ளலாமா? வெட்கத்தினால் அவர்கள் பூசைக்கு வருவதை நிறுத்துகிறார்கள். ‘அவர்கள் பக்தி குறைந்துவிட்டது’ என்று நாம் பேசிக்கொள்ளுகிறோம். ஞானஸ்நானப் புத்தகத்தில் எழுதின பேரை அடிக்க எந்த நாட்டாண்மைக்கும் அதிகாரமில்லை. வரி நோட்டுப் புத்தகம் அதற்கு மேலானதல்ல.

நம் பக்கத்துக்கு வேலைக்கு வருகிற வடதேசத்தாரையும் நினையுங்கள். நூற்பாலைகளிலும், கட்டட வேலைகளிலும், ஓட்டல்களிலும் அவர்களைக் காண்கிறோம். ஜார்க்கண்டு, சத்தீஸ்கர், ஒடிசா மாநிலங்களிலிருந்து வருகிறவர்களில் கத்தோலிக்கரும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை கோவிலின் பின்புறத்தில் சிலுவை அடையாளம் வரைந்து நிற்கிற அந்நியரைக் கண்டால், அவர்கள் உங்கள் சகோதரர். நம் பிள்ளையின் கூலியை அவர்கள் கெடுக்கிறார்கள் என்பது பலருடைய பேச்சு. கூலியைக் குறைக்கிறவர் யாரென்று நிதானித்துப் பாருங்கள். குறைந்த கூலிக்கு வந்தவனா, குறைத்துக் கொடுக்கிறவனா? 2023 மார்ச்சில் வடதேசத் தொழிலாளர் தமிழ்நாட்டில் தாக்கப்படுகிறார்கள் என்று பொய்ப் படங்கள் கைபேசிகளில் பரவி, எத்தனையோ பேர் பயந்து மூட்டை கட்டினார்கள். நாம் பரப்பாவிட்டாலும், ஒருவரிடமாவது போய் ‘பயப்படாதே தம்பி’ என்று சொன்னோமா? கண்டிச் சீமையில் நம் பாட்டனாருக்கு அப்படிச் சொல்ல ஆள் இருந்ததா என்று நினைத்தால் போதும்.

செய்யத்தக்க சில காரியங்களைச் சொல்லி முடிக்கிறேன். உடலுழைப்புத் தொழிலாளருக்கான தமிழ்நாட்டுச் சட்டம் 1982-ம் ஆண்டிலிருந்து இருக்கிறது. அதன் கீழ் நல வாரியங்கள் பல உண்டு. கட்டட வேலை, தையல், இன்னும் பல தொழில் செய்வோர் 18 முதல் 60 வயதுக்குள் பதிந்துகொள்ளலாம். விவசாயக் கூலிகளுக்கு 2011-ன் உழவர் பாதுகாப்புத் திட்டம் வேறாக உண்டு. பிள்ளைகள் படிப்பு, கலியாணம், விபத்து, மரணம் ஆகியவற்றுக்கு உதவி இவைகளில் அடங்கும். அட்டை வைத்திருப்பவர்கள் தேதி தவறாமல் புதுப்பிக்க வேண்டும். தவறினால், கேட்கப் போகும் நாளில்தான் தெரியும். முன்பணத்துக்காக ஒருவரை வேலைத்தலத்தைவிட்டுப் போகவொட்டாமல் தடுப்பது, 1976-ம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். அந்தக் கடனே செல்லாது. அப்படிப்பட்டவர்களைப் பற்றித் தெரிந்தால், கலெக்டருக்கோ கோட்டாட்சியருக்கோ எழுத வேண்டும். தனியே எழுதப் பயப்படுகிறவர்கள் அறைவீட்டுக்கு வாருங்கள், சேர்ந்து எழுதுவோம். குடும்பத்தோடு வெளியூர் போகிறவர்கள், புறப்படுமுன் போகுமிடத்தையும், கூட்டிப்போகிறவர் பெயரையும், ஒரு டெலிபோன் நம்பரையும் பங்கு நோட்டில் எழுதிவிட்டுப் போங்கள். பள்ளிப் பிள்ளைகளை விட்டுப்போக விடுதியோ, உறவினர் வீடோ ஏற்பாடு செய்ய முடியுமா என்று முன்னதாகவே பேசலாம்.

மரியாயின் சேனையாருக்கும் வின்சென்ட் தே பவுல் சபையாருக்கும் ஒரு விண்ணப்பம். இந்த மாதம் நீங்கள் சந்திக்கப் போகிற வீடுகளின் பட்டியலில், கடந்த இரண்டு வருஷத்தில் வரி நோட்டில் அடிக்கப்பட்ட வீடுகளை முதலில் எழுதுங்கள். போகும்போது ரசீதுப் புத்தகத்தைக் கொண்டுபோக வேண்டாம்.